காசு கேட்காத நிலம்

(தெற்குக் கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடிக்க ஓர் இரவுக்கு 36 டாலர். அதுவும் இடம் கிடைத்தால்தான். முன்பதிவு திறக்கிற காலையில் கணினி முன்னால் காத்துக்கிடந்தாலும், கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. தனியார் முகாம்களைப் பார்த்தால் விலை இன்னும் கூடுதலாக இருக்கிறது. அதற்குப் பேசாமல் ஹோட்டலிலேயே தங்கிவிடலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்வார். பிள்ளைகளுக்குப் பால்வீதியைக் காட்டலாம் என்ற ஆசை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இங்கே பல குடும்பங்களில் இதுதான் ஆண்டுதோறும் நடக்கிறது என்பதை நான் அறிவேன்.

இதே மாநிலத்தில், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தொலைவில், முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் சட்டப்படி கூடாரம் அடிக்கக்கூடிய நிலம் பரந்து கிடக்கிறது. பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற நில மேலாண்மைப் பணியகத்தின் வசம் கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 1.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நாடு முழுவதும் கணக்கிட்டால் 24.5 கோடி ஏக்கர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. இதைத் தவிர வனத்துறை வைத்திருக்கும் தேசியக் காடுகளும் புல்வெளிகளும் சேர்ந்து 19.3 கோடி ஏக்கர். இவற்றில் எல்லா இடத்திலும் தங்கலாம் என்று பொருளில்லை. ஆனால் தடை அறிவிக்காத பெரும்பகுதியில் தங்கலாம். பொதுவான விதி, 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் இருக்கலாம், பிறகு நகர்ந்துவிட வேண்டும் என்பது. வரி கட்டும் மக்களின் சொத்து என்ற முறையில் திறந்துவைத்திருக்கிறார்கள். குடியுரிமை இருக்கிறதா, விசாவில் வந்தவரா என்று அந்த நிலம் பார்ப்பதில்லை.

இவ்வளவு நிலம் எப்படி யாருக்கும் விற்காமல் மிஞ்சியது? 1862-இல் குடியேற்ற நிலச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் 160 ஏக்கரில் ஐந்தாண்டு தங்கி உழுது பயிரிட்டால் அந்த நிலம் அவர்களுக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். தண்ணீர் உள்ள பூமியெல்லாம் பட்டாவாகிப் போயிற்று. மேற்கே மழையில்லாத வறண்ட சமவெளிகளையும் பாறைக்காடுகளையும் எவரும் கேட்கவில்லை. ஆடுமாடுகள் மட்டும் மேய்ந்து தரையை மொட்டையாக்கின. 1934-இல் மேய்ச்சலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1946-இல் பி.எல்.எம். பிறந்தது. 1976-இல்தான், இனி இந்த நிலத்தைப் பொதுவாக விற்றுத் தீர்ப்பதில்லை, நாட்டுக்காக வைத்துப் பராமரிப்பது என்று சட்டமாகவே எழுதிவைத்தார்கள்.

எவரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அது குடியேறியவர்களின் கணக்கு. இந்தப் பேச்சின் முடிவில் நான் உங்களை அழைக்கப்போகிற, சியெரா மலையடிவாரத்து ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பையூட் பழங்குடி மக்கள் வாய்க்கால் வெட்டி நிலத்துக்கு நீர் பாய்ச்சி வாழ்ந்தவர்கள். 1863-இல் ஏறத்தாழ ஆயிரம் பேரைப் படைவீரர்கள் கோடை வெயிலில் நடத்தியே டெஜோன் கோட்டைக்கு ஓட்டிச் சென்றார்கள். பலர் பிறகு தாமாகத் திரும்பி வந்துசேர்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே லோன் பைன், பிஷப் ஊர்களில் இருக்கிறார்கள். 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை மடக்கிக் கால்வாயில் கொண்டுவந்தது. 1926 வாக்கில் ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிப் படுகையாயிற்று. இந்த நகரத்தில் குழாயைத் திறக்கிற நம் ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு விழுகிறது. அங்கே போய்த் தங்குகிறபோது விருந்தாளிக்குரிய அடக்கத்தோடு இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது முதல் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 36 டாலர் கொடுத்துத் தங்குகிற முகாமில் அந்தப் பணம் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் வந்து கழிப்பறையைக் கழுவுகிறார். ஒருவர் குப்பைத் தொட்டியைக் காலி செய்கிறார். குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. இரும்பு வளையம் வைத்த தீக்குழி இருக்கிறது. கூடாரம் எங்கே அடிக்கலாம் என்று எண் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குமேல் பாட்டுப் போட்டால் அதிகாரி வந்து கண்டிக்கிறார். காசு கேட்காத நிலத்தில் இவர்கள் எவரும் இல்லை. ஆனால் கழிவு இருக்கிறது, குப்பை இருக்கிறது, தீ இருக்கிறது. அந்த ஆட்கள் செய்கிற வேலை அப்படியே நம் தலையில் வந்து விழுகிறது. அதை நாம் செய்தால் நிலம் இலவசமாகவே இருக்கும். செய்யாவிட்டால் அரசு ஆள் போட்டுச் செய்யும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டணம் வைக்கும், அல்லது சங்கிலி கட்டிப் பூட்டிவிடும். இந்த மாலையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த வேலையை எப்படிச் செய்வது என்ற விவரம்.

கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறோம், அதனால்தான் மிக மோசமாக நடக்கிறது. காட்டில் மண் ஈரமும் மக்கும் உள்ள இடமென்றால், சிறு மண்வாரியால் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். நீர்நிலை, பாதை, கூடாரம் மூன்றுக்கும் 200 அடி தள்ளி. பெரியவர் நடையில் எழுபது தப்படி. காரியம் முடிந்ததும் தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே சருகு பரப்பி, பழையபடி ஆக்கிவிட வேண்டும். பாலைநிலத்தில் இந்த முறை நல்ல முறை அல்ல. அங்கே மண்ணில் உயிர்ப்பு குறைவு, ஈரமில்லை, புதைத்தது நெடுநாள் அப்படியே கிடக்கும். காகிதம் இன்னும் மோசம். காற்று மண்ணைக் கிளப்பியதும் புதருக்குப் புதர் வெள்ளைத் தாள் மாட்டிக்கொண்டு ஆடும். இதற்கென்றே பைகள் விற்கிறார்கள். உள்ளே ஒரு தூள் இருக்கும், ஈரத்தைக் கெட்டியாக்கி நாற்றத்தை அடக்கும். இரட்டை உறையில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்து சாதாரணக் குப்பையிலேயே போடலாம். வாளியில் மூடி வைத்த கழிப்பறை இருக்கை இன்னும் வசதி. ஒரு சிறு நிமிர்ந்த கூடாரத்துக்குள் வைத்துவிட்டால் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சங்கடம் இல்லை.

விட்னி சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பாதையில் முன்பு கழிப்பறைகள் இருந்தன. கூட்டம் தாங்காமல், கழிவை ஹெலிகாப்டரில் இறக்கவேண்டிய நிலை வந்து, கடைசியில் அவற்றை எடுத்தேவிட்டார்கள். இன்று ஏறுகிற ஒவ்வொருவரும் தம் கழிவைப் பையில் கட்டிச் சுமந்து இறங்க வேண்டும். 14,505 அடி உயரத்தில் மருத்துவரும் பொறியாளரும் அதைச் செய்கிறார்கள். இதில் இழிவு எதுவும் இல்லை. நம்முடைய கழிவை இன்னொருவர் கையால் அள்ளவைத்த பழக்கம் நம் சமூகத்தில் எவ்வளவு காலம் இருந்தது, அது யார் தலையில் விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பார்க்க நாமே அதைச் செய்வது நல்லது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் நமக்குக் கைவந்த பழக்கம் உதவுகிறது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஒரு சிறு பாட்டில் தண்ணீர் போதும், காகிதமே விழாது. கழுவும் நீரும் அந்தக் குழிக்குள்ளேயே, அல்லது பைக்குள்ளேயே போகட்டும். கைகழுவும் சோப்பை மட்டும் ஓடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மக்கும் சோப்பு என்று மேலே எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், தண்ணீரில் மீனுக்குக் கேடுதான்.

அடுத்தது சமையல். இதில் நாம்தான் பெரிய ஆட்கள். மற்றவர்கள் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படுக்கிறபோது, நாம் அரிசி களைந்து, வெங்காயம் அரிந்து, கறி வறுத்துக்கொண்டிருப்போம். அந்தச் சாப்பாட்டின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாத்திரம் கழுவுகிற காட்சியைக் கவனியுங்கள். சாம்பாரும் எண்ணெயும் பருக்கையும் கலந்த தண்ணீரை ஓடைக்கரையில் கவிழ்க்கிறோம். மறுநாள் ஈ மொய்க்கும், அணில் வரும், கரடி உள்ள பகுதியென்றால் கரடியும் வரும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி கூடாரத்தைத் தேடி வரத் தொடங்கும், கடைசியில் அதைச் சுட்டுக்கொல்லும்படி ஆகிவிடும். கழுவுமுன் தட்டையும் சட்டியையும் ஒரு ரொட்டித் துண்டால் வழித்துவிடுங்கள். கழுவிய நீரை ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கிய பருக்கை, கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு எல்லாம் குப்பைப்பைக்கு. வடிந்த நீரை நீர்நிலைக்கு 200 அடி தள்ளி, ஒரே இடத்தில் கொட்டாமல் வீசித் தெளித்துவிடுங்கள். பொரித்த எண்ணெயை ஆறவைத்து பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். வாழைப்பழத்தோலும் ஆரஞ்சுத்தோலும் இயற்கைதானே என்று எறிகிறவர்கள் உண்டு. பாலைவெயிலில் அவை மக்காமல் காய்ந்து தோலாகவே கிடக்கும்.

உண்மையில் முதல்நாள் அடுப்பே பற்றவைக்கத் தேவையில்லை. நம் பாட்டிமார் மாட்டுவண்டியில் திருவிழாவுக்குப் போனபோது கட்டிக்கொண்ட புளியோதரை இருக்கிறது. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் ஒரு பகல் ஒரு இரவு ஐஸ்பெட்டி இல்லாமல் தாங்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தேங்காய் சேர்க்காத துவையல், பொட்டுக்கடலை உருண்டை. செலவும் குறைவு, பாத்திரமும் குறைவு, தண்ணீரும் குறைவு. தண்ணீர்தான் அங்கே பொன். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்று கணக்குப் போட்டு, தீயணைக்க வேறு தனியாக எடுத்துச்செல்லுங்கள்.

தீயணைக்க என்றேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

2016 ஜூலை 22 அன்று பிக் சர் கடற்கரையோரம், தீ மூட்டக்கூடாத மாநிலப் பூங்கா ஒன்றில் யாரோ முகாம் தீ மூட்டினார்கள். அணைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், அல்லது அதைக்கூட நினைக்காமல் போயிருப்பார்கள். அது சோபரேனஸ் தீ என்று பெயர் பெற்று அக்டோபர் வரை எரிந்தது. 1,32,000 ஏக்கர் போயிற்று. 57 வீடுகள் சாம்பலாயின. தீயைத் தடுக்க வழிவெட்டிய புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அணைக்க ஆன செலவு 20 கோடி டாலருக்கும் மேல். இந்த நாட்டின் காட்டுத்தீக்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை மனிதர் கையால் உண்டாகிறவை. மின்னலைத் தடுக்க முடியாது. நம் கையைத் தடுக்க முடியும்.

கலிபோர்னியாவில் கட்டண முகாமுக்கு வெளியே கூட்டாட்சி நிலத்தில் தீ மூட்டுவதற்கு, ஏன், எரிவாயு அடுப்புப் பற்றவைப்பதற்கே ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும். இணையத்தில் ஒரு காணொளி பார்த்து நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் இலவசமாகத் தருகிறார்கள். அந்தச் சீட்டு இருந்தாலும், அந்த வாரம் தடை உண்டா என்று கிளம்புமுன் கேட்க வேண்டும். கோடையில் பெரும்பாலும் தடை இருக்கும். கேட்காமல் மூட்டிப் பிடிபட்டால் அது கூட்டாட்சிக் குற்றம். விசாவில் இருக்கிறவர்கள் இதைச் சிறு அபராதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அனுமதி இருக்கிறது, காற்று இல்லை, மூட்டினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே கரிபிடித்த பழைய கல்வளையத்திலேயே மூட்டுங்கள், புதிதாக ஒன்று கட்டாதீர்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணிநேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், மேலே கறுத்துவிடும், அணைந்துவிட்டது என்று தோன்றும். மண்வாரியை அடிவரை விட்டுக் கிளறினால் கீழே இன்னும் சிவந்த கங்கு கண் சிமிட்டும். மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். கூழ்போல ஆகும்வரை விடாதீர்கள். புறங்கையை அருகே கொண்டுபோங்கள். அனல் அடிக்கவில்லை என்றால் விரலால் தொட்டுப் பாருங்கள். தொட முடிந்தால்தான் அணைந்தது. மண்ணைப் போட்டு மூடுவது வேலைக்காகாது. மூடிய மண்ணுக்கடியில் கங்கு நாட்கணக்கில் இருக்கும், பக்கத்து வேர் வழியாக நகர்ந்துகூடப் போகும். ஒரு சிறு தீக்கே ஒரு பெரிய வாளித் தண்ணீர் ஆகும். அவ்வளவு தண்ணீர் கைவசம் இல்லையென்றால் அன்றைக்குத் தீ வேண்டாம். எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம். தீ வெளிச்சம் இல்லாத இடத்தில்தான் வானம் நன்றாகத் தெரியும்.

விறகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்து விறகை நூறு மைல் கொண்டுபோகாதீர்கள். பட்டைக்குள் புழுவும் முட்டையும் கூடவே போகும். 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடித்த மரகத நிற வண்டு ஒன்று இப்படித்தான் விறகோடு ஊர் ஊராகப் பரவி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. போகிற ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். கீழே கிடக்கிற காய்ந்த மரம்தானே என்று பொறுக்குவதற்கும் இடம்பொருள் பார்க்க வேண்டும். ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே வெள்ளை மலைத்தொடரில் பிரிசில்கோன் பைன் மரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 4,800 வயதுக்கு மேல். எட்மண்ட் ஷுல்மன் என்ற அறிஞர் 1957-இல் அதன் வளையங்களை எண்ணிக் கண்டார். அங்கே செத்து விழுந்த கட்டைகூட அழுகுவதில்லை, ஆயிரக்கணக்கான ஆண்டு அப்படியே கிடக்கும். உயிருள்ள மரத்தின் வளையத்தோடு அந்தச் செத்த கட்டைகளின் வளையங்களைப் பொருத்திப் பொருத்தித்தான் பழங்காலத்தை ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கி எண்ணினார்கள். கார்பன் காலக்கணிப்பில் இருந்த பிழையையே அதைக்கொண்டு திருத்தினார்கள். கீழடியில் கரித்துண்டுக்குக் காலம் குறித்தபோது நாம் மகிழ்ந்தோமே, அந்தக் கணிப்பு முறையை உலகம் முழுவதும் நேராக்கியதில் இந்த மலையின் காய்ந்த கட்டைக்கும் பங்குண்டு. அங்கே ஒரு சுள்ளியையும் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

(முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா: "தம்பி, ஆளில்லாத இடத்தில் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தங்குவது பயமில்லையா?")

நல்ல கேள்வி அம்மா. மறைக்காமல் சொல்கிறேன். அங்கே நமக்கு ஆபத்து வந்தால் அது பெரும்பாலும் வெயில், குளிர், தண்ணீர்த் தட்டுப்பாடு, மணலில் சிக்கிய கார் இவற்றிலிருந்துதான் வரும். கைபேசிக் கோபுரம் எட்டாது. எந்தச் சாலை, எத்தனை நாள், எப்போது திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று குடும்பமாகப் போங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். இடம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். கட்டணம் கட்டாத இடத்தில் இந்த ஒரு சுதந்திரம் உண்டு, போட்ட காசு போயிற்றே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டு மூன்று குடும்பம் என்றேன். இருபது குடும்பம் அல்ல. நாம் கூட்டமாகப் போகிற சாதி, அதில் ஒரு அழகு இருக்கிறது. ஆனால் எண்பது பேர் ஒரு மேட்டில் இறங்கினால் அந்த மேடு பிறகு எழுந்திருக்காது. தேசியக் காடுகளில் 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் தனி அனுமதியே வாங்க வேண்டும். மண் எவ்வளவு மென்மையானது என்பது பார்த்தால் தெரியாது. யூட்டாவில் மோவாப் சுற்றுவட்டாரத்தில், தரைமேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியதுபோல் ஒன்று இருக்கும். காய்ந்த சேறு என்று நினைத்து மிதிப்போம். அது நுண்ணுயிரும் பாசியும் லைக்கனும் சேர்ந்து நெய்த தோல். காற்று மண்ணை வாரிப்போகாமல் பிடித்துவைப்பதும், மழைநீரை நிறுத்துவதும், நைட்ரஜனைச் செடிக்குக் கொடுப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டு நொறுங்கினால் தேற பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் ஏற்கெனவே வண்டி நின்று, கூடாரம் அடித்துக் கட்டாந்தரையான இடத்திலேயே தங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நல்ல காட்சி தெரிகிறதே என்று இன்னும் இருபதடி புதருக்குள் வண்டியை விட்டால், அடுத்த வாரம் வருகிறவருக்கு அந்தச் சக்கரத்தடமே சாலையாகத் தெரியும்.

இது எப்படி முடிகிறது என்பதற்கு அலபாமா ஹில்ஸ் கண்முன்னே இருக்கிறது. லோன் பைன் ஊரை ஒட்டி, பின்னால் சியெரா மலை சுவர்போல நிற்க, உருண்டை உருண்டையான செம்பழுப்புப் பாறைகள். 1939-இல் வந்த 'கங்கா தீன்' படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக நடித்தது இந்த இடம்தான். எங்கே வேண்டுமானாலும் பாறை நிழலில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் இருந்தது. படங்கள் இணையத்தில் பரவின. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் கிளம்பி வந்தார்கள். பாறை இடுக்கெல்லாம் காகிதமும் கழிவும், புதருக்குள் புதுப்புதுத் தடங்களும், எங்கு பார்த்தாலும் கரிபிடித்த கல்வளையங்களும். 2019-இலேயே அது தேசியக் காட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தது. பிறகு திட்டம் வகுத்து, குறியிட்ட இடங்களில் மட்டும்தான் தங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதிகாரிகள்மேல் எனக்கு வருத்தமில்லை. வேறு வழி அவர்களுக்கு இல்லை. வருத்தமெல்லாம் நாம் அனைவரும் சேர்ந்து அந்தப் பாறை நிழலை இழந்தோம் என்பதுதான்.

அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவு வலிப்பதில்லை. நமக்கு ஒரு விடுமுறை போகும். அரிசோனாவில் குவார்ட்சைட் பாலைநிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, ஏழு மாதம் முழுவதற்கும் 180 டாலர் கட்டித் தங்குகிறவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் சிலர் வசதியாக ஓய்வுபெற்றவர்கள். சிலருக்கு ஓய்வூதியத்தில் வாடகை கட்ட முடியாது, வண்டிதான் வீடு. 2025 மே மாதம் ஆரிகனில் பெண்ட் நகரத்துக்குத் தெற்கே காட்டின் ஒரு பகுதியை மூடினார்கள். வாடகைக்கு வழியில்லாமல் அங்கே வாழ்ந்த பலர் வெளியேற வேண்டியிருந்தது. காடு வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு ஆகாது என்பது உண்மை. ஆனாலும் கடைசியாக ஒதுங்க ஓர் இடம் என்று சிலருக்கு மிஞ்சியிருப்பது இந்த நிலம். நாம் குப்பை போட்டு மூடவைக்கிற ஒவ்வொரு சாலையும் அவர்களுக்கும் மூடுகிறது.

இந்த நிலத்தை இழக்க இன்னொரு வழியும் உண்டு, விற்பனை. 2025 ஜூனில் கூட்டாட்சிப் பொது நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்கும்படி ஒரு பிரிவை யூட்டா செனட்டர் மைக் லீ வரவுசெலவு மசோதாவில் சேர்க்க முயன்றார். வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் மீன்பிடிப்பவர்களும், வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒன்றாக நின்று எதிர்த்தார்கள். மாத முடிவுக்குள் அவரே விலக்கிக்கொண்டார். அப்படி ஒரு முயற்சி இன்னொருமுறை வரலாம். அப்போது அந்த நிலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் என்று எழுந்து நிற்கிற கூட்டத்தில் நம் முகங்களும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

செலவைப் பற்றிக் கொஞ்சம். கடையில் காட்டுகிற எல்லாம் வேண்டாம். கூடாரத்தை நண்பரிடம் கடன் வாங்குங்கள். வீட்டு ரஜாய், பழைய சமையல் பாத்திரம், ஒரு வாளி போதும். ஆனால் தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஜமக்காளம் மட்டும் விரித்தால் பாலைநிலத்து இரவில் முதுகு உறைந்துபோகும். கெட்டியான நுரைப்பாய் ஒன்றுக்குக் காசு செலவழியுங்கள். உங்கள் பெற்றோருக்கு 62 வயதாகி, கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், 80 டாலருக்கு ஆயுள் முழுவதற்கும் முதியோர் அட்டை கிடைக்கும். தேசியப் பூங்காக்களுக்கு நுழைவு இலவசம், கூட்டாட்சி முகாம்கள் பலவற்றில் பாதிக்கட்டணம். எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டி இருந்தும் இதை வாங்காமல் இருக்கிறார்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். நேராக ஆளில்லாக் காட்டுக்குப் போகாதீர்கள். 395-ஆம் நெடுஞ்சாலையில் லோன் பைனுக்குச் சற்றுத் தெற்கே, 136-ஆம் சாலை பிரியும் இடத்தில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. வனத்துறை, பி.எல்.எம். எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் உண்டு. இன்று தீ மூட்டலாமா, எந்த மண்சாலை என் காருக்குத் தாங்கும், எங்கே தங்கக்கூடாது என்ற மூன்றையும் கேளுங்கள். இலவச வரைபடம் வாங்குங்கள். முதல் இரவு அருகிலுள்ள டட்டில் கிரீக் முகாமில் தங்குங்கள். கழிப்பறை உண்டு, கட்டணம் மிகக் குறைவு. உங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அந்த ஓரிரவில் தெரிந்துவிடும். மறுநாள் வேண்டுமானால் இன்யோ காட்டுப் பக்கம் ஏறலாம்.

அக்டோபரில் எங்கள் குடும்பம் அங்கே போகிறது. வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டு குடும்பத்துக்கு இடமிருக்கிறது. அதற்குமேல் பெயர் சேர்ந்தால் நவம்பரில் இன்னொரு பயணமாகப் பிரித்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் வண்டிக்கு ஒரு மண்வாரி, மூடியுள்ள வாளி, ஐந்து கேலன் தண்ணீர் கேன் இரண்டு, தடித்த குப்பைப்பை ஒரு கட்டு கொண்டுவர வேண்டும். நமக்கு முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போனதையும் அந்தப் பைகளில்தான் எடுத்துவருவோம். புளியோதரைக்கு எங்கள் வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டோம்.